எடைமேடை ஆபீசுக்கு ஒரு கிளஸ்டர்: மூன்றாவது தடவையில்தான் நின்றது

போன சனிக்கிழமை காலை 10 மணிக்கு, வாசலில் நாலு லோரி வரிசையில் நிற்கும்போதே, முதல் கம்ப்யூட்டர் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். நாலு நிமிஷம் கழித்து இரண்டாவது பெட்டியில் எடை மென்பொருள் எழுந்து உட்கார்ந்தது. ஐந்தாவது நிமிஷம் அடுத்த லோரி மேடையில் ஏறியது. ஒன்று நின்றால் இன்னொன்று வேலையை எடுத்துக்கொள்ளும்படி சில கம்ப்யூட்டர்களைக் கோப்பதுதான் கிளஸ்டர். அதற்காகப் பிப்ரவரியில் தொடங்கிய வேலை, அக்டோபரில் முடிந்திருக்கிறது. நடுவில் செய்த தப்புகளைத்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

இடம் மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தை. 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயரை மாற்றினார்கள், இருந்தாலும் எங்கள் வாயில் பழைய பேர்தான் வருகிறது. சுற்றிலும் செம்பனை. நாட்டில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டதே இங்கே பக்கத்தில், 1917இல். நட்ட தோட்டத்தின் பெயர் தென்னமரம். யார் கேட்டாலும் சிரிப்பார்கள். எனக்கு டவுனில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடை. வேலை கொடுத்தவர் பழக்குலை வாங்கி மில்லுக்கு அனுப்பும் ஒரு அண்ணன். சிறு தோட்டக்காரர்கள் லோரியில் குலையைக் கொண்டுவருவார்கள். மேடையில் பாரத்தோடு ஒரு எடை, இறக்கிவிட்டுக் காலியாக ஒரு எடை, ஒரு சீட்டு. மாதம் இரண்டு தடவை பட்டுவாடா. சீட்டு போடும் மென்பொருள், கணக்கு மென்பொருள், ஃபைல் சர்வர் மூன்றும் ஒரே பழைய டவர் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தன. ஜனவரியில் அது படுத்துக்கொண்டது. ஒன்றரை நாள் கார்பன் பேப்பர் வைத்துக் கையால் எழுதினார்கள்.

"இனிமே இது நிக்கவே கூடாது தம்பி" என்றார் அண்ணன். நானும் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு திட்டம் போட ஆரம்பித்தேன். நிக்கக்கூடாது என்றால் எவ்வளவு நேரம், எது தொலைந்தால் பரவாயில்லை, எது தொலைந்தால் சண்டை வரும் என்று நான் கேட்கவே இல்லை. அதற்குத்தான் அடுத்த ஆறு மாதமும் தண்டம் கட்டினேன்.

மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதில் குழப்பமில்லை. ஒரே பெட்டிக்குள் பல தனிக் கம்ப்யூட்டர்கள் (விஎம்) இருப்பதுபோல் ஓட்டும் மென்பொருள் வேண்டும். முன்பெல்லாம் சின்ன ஆபீசுக்கு விஎம்வேர் நிறுவனத்தின் இலவச இஎஸ்எக்ஸ்ஐ போட்டுவிட்டுப் போய்விடுவேன். விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது, 2024 பிப்ரவரியில் இலவசப் பதிப்பு நின்றது. 2025 ஏப்ரலில் அது திரும்பி வருவதற்குள் நான் அதே வேலையைச் செய்யும் பிராக்ஸ்மாக்ஸுக்குப் போய்விட்டேன். அந்த இலவசப் பதிப்பில் கிளஸ்டரும் கட்ட முடியாது.

முதல் தப்பு: செஃப்

மூன்று பழைய சிறிய மேசைப் பெட்டிகள் வாங்கினேன், ஒவ்வொன்றும் 650 வெள்ளி (ரிங்கிட்). ஐ5-8500, ஆறு கோர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எம்.2. ஆளுக்கொரு 1 டிபி எஸ்எஸ்டி, சாதாரண வீட்டு உபயோக ரகம், 240 வெள்ளி. மூன்று பெட்டியின் டிஸ்கையும் ஒரே பொதுச் சேமிப்பாக்கும் செஃப் என்ற மென்பொருளில் கோத்தால் மூன்று இடத்திலும் ஒரு பிரதி இருக்கும், ஒன்று செத்தாலும் மற்ற இரண்டும் ஓடும். மூன்று டிபிக்குக் காசு கொடுத்து ஒரு டிபிக்கும் குறைவாகத்தான் பயன்படுத்த முடியும், சரி, அதற்கும் தயாராக இருந்தேன்.

கடையின் பின்னறையில் மேசை மேல் வைத்து, ஆபீசின் உண்மையான தரவுத்தளத்தின் நகலைப் போட்டு ஓட்டினேன். சீட்டு சேமிக்க ஆறு விநாடி. பழைய டவரிலேயே ஒரு விநாடிக்குள் முடிந்துகொண்டிருந்தது.

4 கிலோபைட் (4கே) துண்டுகளாக எழுதி, ஒவ்வொன்றும் டிஸ்கில் இறங்கிவிட்டதா என்று உறுதி செய்துகொண்டு அளந்தேன். தனி எஸ்எஸ்டியில் விநாடிக்கு 300 சொச்சம், செஃப் வழியாக 60. தரவுத்தளம் ஒவ்வொரு சீட்டுக்கும் "எழுதியாச்சா?" என்று கேட்டுக் காத்திருக்கும் ரகம். வீட்டு எஸ்எஸ்டியில் கரண்ட் போனால் தாங்கும் கெப்பாசிட்டர் கிடையாது, அதனால் "எழுதியாச்சு" என்று நேர்மையாகச் சொல்ல அதற்கு நேரம் பிடிக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு எழுத்தும் 1 ஜிகாபிட் ஒயரில் மற்ற இரண்டு பெட்டிக்கும் போய்ப் பதில் வர வேண்டும். 10 ஜிகாபிட்டும் சர்வர் ரக எஸ்எஸ்டியும் வேண்டும் என்று படித்திருந்தேன். சின்ன ஆபீசுதானே என்று அலட்சியம். அந்த மூன்று எஸ்எஸ்டியில் ஒன்று இப்போது என் மனைவியின் லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது.

இரண்டாவது தப்பு: எல்லாவற்றையும் ஒரே நாஸில் வைத்தது

அடுத்து இரண்டு டிஸ்க் போடும் நாஸ், அதாவது நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டி, ஒன்று, 1,150 வெள்ளி. 4 டிபி டிஸ்க் இரண்டு, தலா 430. அதில் என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் பகிர்வைத் திறந்து, எல்லா விஎம்மின் டிஸ்கையும் அங்கே வைத்து, மூன்று பெட்டிகளும் அதைப் பொதுவாகப் பார்க்கும்படி செய்தேன்.

ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும், முதல் நாள் அது ரொம்ப அழகாக இருந்தது. டிஸ்க் வெளியில் இருப்பதால் விஎம்மை ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு ஓட ஓட மாற்றும்போது ரேம் மட்டும்தான் நகரும். விஎம் ஒரு நிமிஷம் சொச்சத்தில் மாறியது. பதில் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பிங் கட்டளையை ஓடவிட்டுப் பார்த்தேன், ஒன்றே ஒன்று தவறியது. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்குத் திரையில் ஒன்றும் ஆகாததுதான் தெரிந்தது. "என்னா ஆச்சு?" என்றார். ஒண்ணும் ஆகலைண்ணே, அதுதான் விஷயம் என்றேன்.

பத்து நாள் கழித்து, காலையில் கணக்கு பார்க்கும் அக்கா போன் செய்தார். "தம்பி, ராத்திரி எல்லாம் ஆஃப் ஆகி ஆன் ஆயிருக்கு போல, லாக்இன் கேக்குது." பதிவேட்டைப் பார்த்தால் இரவு 1.10க்கு மூன்று பெட்டிகளும் தானாக ரீஸ்டார்ட் ஆகியிருக்கின்றன. மறுநாள் இரவும் அதே 1.10. பேக்கப் தொடங்குவது 1 மணிக்கு.

கிளஸ்டரில் பெட்டிகள் ஒன்றையொன்று "இருக்கியா?" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். அந்த வேலையைப் பார்ப்பது கோரோசிங்க். அதற்குப் பெரிய வேகம் வேண்டாம், தாமதம்தான் கூடாது. நான் அதையும், நாஸ் போக்குவரத்தையும், பேக்கப்பையும் ஒரே ஒயரில் விட்டிருந்தேன். பேக்கப் ஒயரை நிரப்பியதும் கேள்விக்குப் பதில் வரவில்லை. கோயில் கமிட்டிக் கூட்டத்தில் கோரம் இல்லை என்றால் தீர்மானம் போட முடியாது அல்லவா, அதே கதை இங்கேயும். தனியாகிவிட்டோம் என்று நினைத்த பெட்டி, தானாகத் தூக்கி நிறுத்தும் எச்ஏ வசதி ஆனில் இருந்தால், ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தன்னைத்தானே ரீஸ்டார்ட் செய்துகொள்ளும். ஒரே விஎம் இரண்டு இடத்தில் ஓடித் தரவைக் கெடுத்துவிடக் கூடாதே என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். மூன்று பெட்டியும் ஒரே நேரத்தில் தனியானதாக நினைத்துக்கொண்டன, மூன்றும் விழுந்தன. மென்பொருள் மேல் குற்றமில்லை, ஒயர் போட்டவன் நான். 60 வெள்ளிக்கு ஒரு சின்ன சுவிட்ச் வாங்கி கோரோசிங்கைத் தனியாக்கினேன், நின்றுவிட்டது.

ஆனால் பெரிய அடி ஜூனில், ஒரு மாலை நாலு மணிக்கு விழுந்தது. இங்கே மதியத்துக்கு மேல் வானம் கறுத்தால் கடைக்காரர்கள் மோடம் ஒயரைப் பிடுங்கி வைப்பார்கள், அந்த அளவு இடி. எடைமேடைக் குடிசைக்கும் ஆபீசுக்கும் 55 மீட்டர். நடுவில் பிவிசி குழாயில் செம்பு நெட்வொர்க் ஒயர். மின்னல் எங்கே இறங்கியதோ, அந்த ஒயர் வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறது. சுவிட்ச் போனது, முதல் பெட்டியின் நெட்வொர்க் போர்ட் போனது, நாஸ் மொத்தமாகப் போனது.

மற்ற இரண்டு பெட்டிகளும் நன்றாக இருந்தன. ரேம் இருக்கிறது, சிபியூ இருக்கிறது, ஓட்டுவதற்குத்தான் ஒன்றுமில்லை. மூன்று பெட்டி வாங்கி, எல்லா உயிரையும் ஒரே ஒரு பெட்டிக்குள் வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் வயிற்றில் தைத்தது.

இரவு 11 மணிக்கு நாஸிலிருந்து இரண்டு டிஸ்கையும் கழற்றி, மூன்றாவது பெட்டியில் மாட்டினேன். பல சின்ன நாஸ்கள் உள்ளே லினக்ஸின் சாதாரண மென்பொருள் ரெய்டைத்தான் (டிஸ்குகளை ஒன்றாகக் கோக்கும் முறை) பயன்படுத்துகின்றன. இதுவும் அப்படித்தான். அதற்கான எம்டிஏடிஎம் கட்டளை கொண்டு கோத்ததும் உள்ளே இருந்த விஎம் கோப்புகள் முழுசாகத் தெரிந்தன. நகல் எடுத்து முடிக்க விடியற்காலை மூன்றரை. பக்கத்து மாமாக் கடையில் தே தாரிக் குடித்துவிட்டு அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கேட்க வேண்டிய கேள்வி

மறுநாள் அக்காவிடம் கேட்டேன்: சிஸ்டம் நின்றால் எவ்வளவு நேரம் தாங்குவீங்க?

"ஒரு மணி நேரம் கையில எழுதிக்குவோம் தம்பி, அது ஒண்ணும் பெரிசில்ல. ஆனா போட்ட சீட்டு காணாம போச்சுன்னா பட்டுவாடா அன்னிக்கு எங்க மேலதான் பாய்வாங்க."

அப்போது நான் எட்டு மாதத் திட்டத்தின் ஐந்தாவது மாதத்தில் இருந்தேன். ஓட ஓட விஎம் மாற்றுவது, விநாடி நிற்காமல் இருப்பது, இதற்கெல்லாம்தான் காசைக் கொட்டியிருக்கிறேன். அவர்களுக்கு வேண்டியது எழுதின சீட்டு தொலையாமல் இருப்பது.

மூன்றாவது திட்டம்

இரண்டு பெட்டி. ஒவ்வொன்றிலும் சொந்த டிஸ்க், இசட்எஃப்எஸ் மிரர், அதாவது இரண்டு டிஸ்கிலும் ஒரே தரவு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அடிக்கடி பிரதி. மூன்றாவது பெட்டியில் நாஸின் இரண்டு 4 டிபி டிஸ்கையும் போட்டு அதைப் பேக்கப் சர்வராக்கினேன், மாடியில் வேறு அறையில் இருக்கிறது.

எஸ்எஸ்டி இந்தத் தடவை சர்வர்களில் கழற்றிய பழையது, 960 ஜிபி, கெப்பாசிட்டர் உள்ள ரகம். நாலு வாங்கினேன், தலா 270. அதே 4கே சோதனையில் விநாடிக்கு 9,000 தாண்டியது. பழைய டிஸ்க் என்று பயப்படாமல் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் கணக்கைப் பார்த்து, தேய்மானம் 10 சதவீதத்துக்குள் இருப்பதாக எடுத்தேன். ரேம் 16 ஜிபி குச்சி நாலு, தலா 120. இப்போது அந்த விலைக்குக் கிடைக்காது.

இந்தப் பெட்டிகளுக்குள் இரண்டு சாட்டா டிஸ்குக்குப் பவர் ஒயர் போதவில்லை, பிரிப்பான் வாங்க வேண்டியிருந்தது. தலை முழுதும் பிளாஸ்டிக்கில் வார்த்த ரகத்தைத் தொடாதீர்கள். உள்ளே ஒயர்கள் உரசிப் புகைந்த ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். ஒயர் ஒவ்வொன்றும் தனியாகக் கவ்வியிருக்கும் ரகம் 8 வெள்ளிதான்.

இரண்டு பெட்டிக்கும் நடுவே நேரடியாக ஒரு 10 ஜிகாபிட் ஒயர், சுவிட்ச் கிடையாது. பழைய இன்டெல் எக்ஸ்520 அட்டை தலா 110, ஒயர் 45. அட்டையோடு வந்த தகடு உயரமானது, பெட்டி குட்டையானது. குட்டைத் தகடு தனியாக 12 வெள்ளி, ஒரு வாரம் காத்திருந்தேன். அட்டை வேறு கை வைக்க முடியாதபடி சுட்டது. கடையில் கிடந்த 40 மில்லிமீட்டர் விசிறியை அதன் மேல் கேபிள் டையால் கட்டினேன். அழகாக இல்லை, சூடு குறைந்தது.

கோரோசிங்குக்கு இப்போது இரண்டு பாதை: சின்ன சுவிட்ச் ஒன்று, 10 ஜிகாபிட் நேரடி ஒயர் இன்னொன்று. இரண்டே உறுப்பினர் உள்ள கமிட்டியில் ஒருவர் வராவிட்டால் கோரம் போச்சு. அதனால் மூன்றாவது ஓட்டுக்கு, டிராயரில் கிடந்த ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர். அதில் கியூடிவைஸ் என்ற மென்பொருளைப் போட்டேன். அது ஒரு விஎம்மையும் ஓட்டாது, ஓட்டு மட்டும் போடும். நம் சங்கங்களிலும் அப்படிச் சிலர் உண்டு.

கட்டும்போது இரண்டு இடத்தில் தடுக்கினேன். இரண்டாவது பெட்டியில் அவசரப்பட்டு ஒரு விஎம்மை மீட்டு வைத்துவிட்டு கிளஸ்டரில் சேர்க்கப் பார்த்தேன், சேர மறுத்தது. சேரும் பெட்டி காலியாக இருக்க வேண்டும். பிறகு, பிரதி எடுக்க இரு பக்கமும் ஸ்டோரேஜின் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். நான் முதலில் ஒரு பெயரும் இரண்டாவதில் இன்னொரு பெயரும் வைத்து, அரை நாள் போனது. முதல் முழுப் பிரதி, 180 ஜிபி, பத்து நிமிஷத்துக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு மாறியது மட்டும்தான் போகிறது.

குடிசைக்குப் போன செம்பு ஒயரைப் பிடுங்கிவிட்டு ஃபைபர் இழுத்தேன். இரு முனையிலும் செம்புக்கும் ஃபைபருக்கும் நடுவே மாற்றிப் பெட்டி, ஜோடி 120, ஃபைபர் 95. கண்ணாடி இழையில் மின்னல் ஏறாது. எடைமேடைக் கருவியின் சீரியல் ஒயர் முன்பு நேராகக் கம்ப்யூட்டரில் செருகியிருந்தது. ஒரு பெட்டியில் செருகிய ஒயரை விஎம்மோடு சேர்த்து இன்னொரு பெட்டிக்கு அனுப்ப முடியாது. 145 வெள்ளிக்கு ஒரு சீரியல் கன்வெர்ட்டரைக் குடிசையிலேயே கருவி பக்கத்தில் வைத்தேன், எடை இப்போது நெட்வொர்க் வழியாக வருகிறது. விஎம் எந்தப் பெட்டியில் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

யூபிஎஸ் 1500 விஏ, 540 வெள்ளி. இரண்டு பெட்டி, சுவிட்ச், பை எல்லாம் சேர்ந்து 100 வாட் சுற்றித்தான் இழுக்கிறது. பேட்டரி புதிதாக இருக்கும்போது 34 நிமிஷம் தாங்கியது. 30 சதவீதத்துக்கு வந்ததும் ஒழுங்காக அணையும்படி வைத்திருக்கிறேன். கரண்ட் வந்ததும் தானாக எழும்பும்படி பயாஸில் (பெட்டியின் அடிப்படை அமைப்புகளில்) மாற்ற மறக்காதீர்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்காகவே பூட்டைத் திறக்க வந்தேன்.

சீட்டு எண் 3 விவகாரம்

ஆகஸ்டில் ஒரு ஒத்திகை. எச்ஏவை ஆனில் விட்டிருந்தேன், பிரதி எடுப்பது அதன் வழக்கமான 15 நிமிஷத்துக்கு ஒரு முறை. 10.00க்குப் பிரதி போனது. 10.07க்கு முதல் பெட்டியை அணைத்தேன். இரண்டாவது பெட்டியில் விஎம் தானாகவே மூன்று நிமிஷத்தில் எழுந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அக்கா அடுத்த சீட்டை அடித்துவிட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்து முன்பே போட்ட ஒரு சீட்டின் அடிக்கட்டையை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே எண், கடைசி இலக்கம் 3. எழுந்தது 10 மணி நிலவரம். நடுவில் போட்ட சீட்டுகளை அது பார்க்கவே இல்லை, அதனால் அதே எண்ணைத் திரும்பக் கொடுத்துவிட்டது. ஒத்திகையாக இல்லாமல் போயிருந்தால், ஒரே எண்ணில் இரண்டு தோட்டக்காரர் பட்டுவாடாவுக்கு வந்து நின்றிருப்பார்கள்.

அன்றே எச்ஏவை அணைத்துவிட்டேன். எடை விஎம்முக்குப் பிரதி இப்போது நிமிஷத்துக்கு ஒரு முறை, மற்றவற்றுக்கு 15 நிமிஷம். பெட்டி செத்தால் ஆள்தான் முடிவெடுப்பது. செத்த பெட்டி உண்மையிலேயே அணைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, பிளக்கைப் பிடுங்கி, பிறகு அந்த விஎம்மின் கான்ஃபிக் கோப்பை உயிரோடிருக்கும் பெட்டியின் கோப்புறைக்கு மாற்றி, ஸ்டார்ட். கோப்பை மாற்றுவது அண்ணனின் மகன், அவனுக்கு இரண்டு வரிக் கட்டளையை எழுதிக் கொடுத்திருக்கிறேன். லோரியை மேடையில் ஏற்றும் முன் அக்கா அடிக்கட்டையில் கடைசி எண்ணையும் திரையில் கடைசி எண்ணையும் பார்க்கிறார். இடையில் விட்டது இருந்தால் முதலில் அதைத் தட்டிவிடுகிறார். போன சனிக்கிழமை விட்டுப்போனது ஒன்றுதான்.

கணக்கு: இரண்டு பெட்டியும் அதன் சாமான்களும் 4,125 வெள்ளி. பேக்கப் பெட்டி, டிஸ்கோடு 1,510. வீணாகப் போனது, எஸ்எஸ்டி 720, நாஸ் 1,150. என் கூலியில் பாதியை நான் கேட்கவில்லை, அண்ணனும் வற்புறுத்தவில்லை. இதில் விண்டோஸ் சர்வர் உரிமம் சேராது. அது தனிக் கதை: பொதுவாக ஒரு பெட்டிக்கு வாங்கிய உரிமம் விஎம்மோடு சேர்ந்து அடுத்த பெட்டிக்குத் தாவாது. விஎம் ஓடக்கூடிய எல்லாப் பெட்டிக்கும் வாங்க வேண்டும். திட்டம் போடும்போதே இதை எழுதிக் காட்டியிருந்தால், மூன்று பெட்டி என்ற பேச்சே முதல் நாள் நின்றிருக்கும்.

அடுத்த தடவை செய்தால் ஃபைபரைத்தான் முதலில் இழுப்பேன், பெட்டி வாங்குவதற்கும் முன்னால். 10 ஜிகாபிட் அட்டையைத் தவிர்த்திருக்கலாம். நிமிஷத்துக்கு ஒரு முறை போகும் பிரதி சில எம்பிதான், 1 ஜிகாபிட் நேரடி ஒயரே போதும். பேக்கப்பின் ஒரு பிரதி இன்னும் தானாகக் கட்டடத்துக்கு வெளியே போவதில்லை. வாரம் ஒரு முறை யூஎஸ்பி டிஸ்கில் எடுத்து அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோகிறார், சில வாரம் மறந்தும் விடுகிறார்.

தீராதது ஒன்று உண்டு. கணக்கு மென்பொருளின் யூஎஸ்பி டாங்கிள், அதாவது உரிமச் சாவி. அது முதல் பெட்டியில்தான் செருகியிருக்கிறது, விஎம் மாறினால் அதைக் கையால் பிடுங்கி இரண்டாவதில் செருக வேண்டும். அக்கா அதற்கு ஒரு சிவப்பு ரிப்பன் கட்டி, "இதையும் மாத்து" என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்.